மலைநாட்டு வரலாறு – 6: மூன்றாவது சரத்து

1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி அரண்மனையின் மகுல் மடுவவில் வாசிக்கப்பட்ட உடன்படிக்கையில் மொத்தம் 12 சரத்துகள் இருந்தன. அவற்றுள் ஐந்தாவது சரத்தை இலங்கையில் பாடசாலைப் பிள்ளைகளும் அறிவார்கள். பௌத்த சமயமும் அதன் சடங்குகளும் விகாரைகளும் காக்கப்படும் என்று சொல்வது அது. பிரதானிகளின் பதவிகளும் உரிமைகளும் தொடரும் என்று வாக்களித்த நான்காவது சரத்து பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார்கள். மூன்றாவது சரத்தை மட்டும் யாரும் அதிகம் தொடுவதில்லை. ஆனால் அட்டனிலும் நுவரெலியாவிலும் ஐந்தாறு தலைமுறையாக வாழும் நமக்கு அந்த 12இல் முதலில் படிக்க வேண்டியது அதுதான். இந்த மலைக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது, அதை முடிவு செய்வது யார் என்பதை ஒரு பேரரசு முதன்முதலில் எழுத்தில் வைத்த இடம் அது.

அந்தச் சரத்து ஒரே நாளில் எழுதப்பட்டதல்ல. கண்டி இராச்சியத்துக்கும் கடலைப் பிடித்து வைத்திருந்த ஐரோப்பியருக்கும் இடையில் 177 ஆண்டுகள் நடந்த பேச்சுகள், தூதுகள், கையொப்பங்கள், ஏமாற்றங்கள் அதற்குப் பின்னால் இருக்கின்றன. இந்த அத்தியாயத்தில் அவற்றைப் பார்ப்போம்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். இன்றைய நுவரெலியா மாவட்டத்தின் பெரும்பகுதி அன்று கண்டி அரசனின் உள்நாடு. கொத்மலை, வலப்பனை, ஹேவாஹெட்ட ஆகிய பகுதிகளில் வயல்களும் கிராமங்களும் இருந்தன. ஹங்குராங்கெத்தவில் அரண்மனை இருந்தது. கண்டிக்கு ஆபத்து வரும்போது அரசன் ஒதுங்கும் இடம் அது. அட்டன், டிக்கோயா, மஸ்கெலியா என்று இன்று நாம் சொல்லும் பக்கம் உட புளத்கமவைச் சேர்ந்த அடர்காடு. சிவனொளிபாதமலைக்குப் போகும் யாத்திரிகர் தவிர அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் குறைவு. காட்டை வெட்டிப் பாதை போடுவதை அரசர்கள் விரும்பவில்லை. காடுதான் அவர்களுக்குக் கோட்டை.

அந்தக் கோட்டைக்கு வாசல்கள் இருந்தன. 1660 முதல் 1679 வரை கண்டி நாட்டில் சிறையிருந்த ஆங்கிலேயரான றொபேர்ட் நொக்ஸ் அவற்றை நேரில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். முக்கியமான கணவாய்களில் முட்களால் ஆன படல்கள் மேலும் கீழுமாக இழுத்து மூடப்படும், காவலர் இருப்பர். அனுமதி முத்திரை இல்லாமல் ஒருவரும் தாண்ட முடியாது. முத்திரை களிமண்ணில் பதிக்கப்பட்டது. போர்வீரனுக்குத் தோளில் ஈட்டி ஏந்திய மனிதனின் உருவம். கூலியாளுக்குக் காவடித் தண்டின் இரு முனையிலும் பொதி தொங்கவிட்ட மனிதனின் உருவம். வெள்ளைக்காரனுக்கு இடையில் வாளும் தலையில் தொப்பியுமாக ஒரு மனிதன். எழுத்து வாசிக்கத் தெரியாத காவலனும் கையில் வாங்கிப் பார்த்தவுடன் வந்திருப்பவன் யார் என்று அறிந்துகொள்வான். இந்த மலைக்குள் நுழைவதற்கு அனுமதிச் சீட்டு கேட்பது வெள்ளையர் கொண்டுவந்த வழக்கம் அல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

கண்டி அரசர்களின் ஒப்பந்த வரலாறு 1638 மே மாதத்தில் மட்டக்களப்பில் தொடங்குகிறது எனலாம். போர்த்துக்கேயரைக் கரையிலிருந்து விரட்ட இரண்டாம் ராஜசிங்கன் ஒல்லாந்தரின் கப்பற்படைத் தளபதி வெஸ்டர்வோல்டுடன் உடன்படிக்கை செய்தான். கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை வைப்பது பற்றிய சரத்தில், 'அரசர் விரும்பினால்' என்ற நிபந்தனை அரசனின் கையிலிருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில் இருந்தது. ஒல்லாந்தர் வைத்துக்கொண்ட பிரதியில் அது இல்லை. இரண்டே சொற்கள்தாம். ஆனால் கோட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தபோது அவற்றின் சாவி யாரிடம் என்பதை அந்த இரண்டு சொற்களே தீர்மானித்தன. இஞ்சியைக் கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இன்றும் சொல்வது இதைத்தான். அதன்பின் கண்டியின் எந்த அரசனும் வெள்ளையரின் காகிதத்தை முழுதாக நம்பவில்லை. அந்த அவநம்பிக்கைக்குக் காரணம் இருந்தது என்பதை ஆங்கில நூல்கள் பல எழுதாமலே கடந்துவிடுகின்றன.

அடுத்த நூற்றாண்டில் கண்டிச் சிம்மாசனத்துக்கு மதுரைப் பக்கத்துச் சொந்தம் வந்தது. 1739இல் வீர நரேந்திரசிங்கன் பட்டத்துக்குரிய வாரிசு இல்லாமல் இறக்க, அவனுடைய அரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கனாக முடிசூடினான். அவனிலிருந்து நான்கு பேர் நாயக்கர் மரபில் ஆண்டார்கள். தெலுங்கு வழி வந்து தமிழ் பேசி வாழ்ந்த குடும்பங்கள் அவை. உறவினர் கூட்டம் கண்டி நகரில் தனித் தெருவில் குடியிருந்தது. இவர்கள் பௌத்தத்தை ஏற்று அதை வளர்க்கவும் செய்தார்கள். 1753இல் சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைத்து உபசம்பதா என்ற உயர்துறவுச் சடங்கை மீண்டும் நிலைநாட்டியது கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் ஆட்சியில்தான். இருந்தும் பிரதானிகள் சிலருக்கு இவர்கள் அந்நியராகவே தெரிந்தார்கள். 1760இல் கீர்த்தி ஸ்ரீயைக் கொன்று சீய இளவரசன் ஒருவனைப் பட்டத்தில் ஏற்ற ஒரு சதி நடந்து பிடிபட்டது. 'தமிழர்' என்ற குற்றச்சாட்டு பிரதானிகளின் நாவில் அப்போதே இருந்தது. ஆங்கிலேயர் பின்னர் அதைக் கையிலெடுத்துக்கொண்டார்கள்.

ஒல்லாந்தருடன் போர் மூண்டிருந்த நேரத்தில் கீர்த்தி ஸ்ரீ சென்னையிலிருந்த ஆங்கிலக் கம்பனிக்கு ஆள் அனுப்பி உதவி கேட்டான். பதிலாக 1762இல் ஜோன் பைபஸ் திருகோணமலை வழியாகக் கண்டிக்கு வந்தார். அந்தச் சந்திப்பை அவர் எழுதிய குறிப்பு விரிவானது. இரவு நேரம். வெளிச்சத்துக்குத் தீவட்டிகள். ஆளுநரின் கடிதம் வெள்ளித் தட்டில். அந்தத் தட்டைத் தலைக்கு மேல் தாங்கிக்கொண்டு தூதர் நடக்க வேண்டும். திரை விலகும்போது முழங்காலிட வேண்டும். எழுந்து சில அடி வைத்து மீண்டும் முழங்காலிட வேண்டும். அரசன் சொல்லும் வார்த்தை பல வாய்கள் மாறித் தூதரின் காதுக்கு வரும். தூதரின் பதிலும் அப்படியே திரும்பிப் போகும். பைபஸுக்கு இது பெரிய அவமானமாகத் தோன்றியது. ஆனால் அரசன் பக்கம் நின்று பார்த்தால் அவர் கொண்டுவந்தது வெறும் கைதான். படை தருவதாக வாக்களிக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. கறுவாவும் துறைமுகமும் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு போகவே அவரை அனுப்பியிருந்தார்கள்.

உதவி வரவில்லை. 1765இல் ஒல்லாந்தர் கண்டி நகருக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். நோயும் பசியும் அவர்களைத் திருப்பி அனுப்பின. ஆனால் இரு தரப்பும் களைத்துப்போன நிலையில் 1766 பெப்ரவரி 14ஆம் திகதி வந்த உடன்படிக்கை கண்டியின் கழுத்தை நெரித்தது. அதுவரை ஒல்லாந்தர் வசம் இல்லாத கரையும், ஒரு சிங்கள மைல் அகலத்துக்கு, தீவைச் சுற்றிலும் அவர்களுக்குச் சொந்தமாயிற்று. வேறு எந்த நாட்டுடனும் கண்டி உடன்படிக்கை செய்யக்கூடாது. சிலாபத்திலும் புத்தளத்திலும் உப்பு எடுத்துக்கொள்ளக் கண்டியருக்கு உரிமை உண்டு. தன் தீவின் கடலோரத்தில் உப்பு அள்ளுவதற்கு ஒரு அரசன் அந்நியனின் கையொப்பத்தை எதிர்பார்க்கும் நிலை அது. ஒரு அங்குலக் கடற்கரையும் இல்லாத இராச்சியமாகக் கண்டி மாறியது அன்றுதான்.

இதன் பிறகு கண்டி வைத்த ஒவ்வொரு கோரிக்கையிலும் கடல் இருக்கும். 1782இல் ஹியூ பொய்ட் என்ற தூதர் வந்தபோது பட்டத்தில் இருந்தவன் புதிய அரசன் ராஜாதி ராஜசிங்கன். 1762இல் கைவிட்ட கம்பனியோடு பேசமாட்டேன், இங்கிலாந்தின் அரசரே நேராக எழுதட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டான். 1795இல் நெதர்லாந்து பிரெஞ்சுப் படையின் கையில் விழுந்தது. ஒல்லாந்தரின் இலங்கைத் துறைமுகங்களைப் பிரான்ஸ் எடுத்துவிடும் என்று அஞ்சிய ஆங்கிலேயர் ஆகஸ்டில் திருகோணமலையைப் பிடித்தார்கள். றொபேர்ட் அன்ட்ரூஸ் கண்டிக்குப் போய்ப் பூர்வாங்க உடன்பாடு செய்தார். அதன் தொடர்ச்சியாகக் கண்டியின் தூதர்கள் சென்னைக்குச் சென்று 1796 பெப்ரவரி 12ஆம் திகதி உடன்படிக்கையில் ஒப்பமிட்டார்கள். கண்டிக்கு ஓரளவு கடல் வாணிபமும் உப்புக்கும் மீனுக்கும் கரையில் இடமும் அதில் பேசப்பட்டிருந்தன. நான்காம் நாள், 16ஆம் திகதி, கொழும்பு ஆங்கிலேயர் வசமானது. கண்டியின் உதவி இனி அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

ராஜாதி ராஜசிங்கன் அந்த உடன்படிக்கையை உறுதிசெய்ய மறுத்தான். இன்னும் நல்ல நிபந்தனை கேட்டு நிற்கலாம் என்று எண்ணினான் போலும். அது அவன் செய்த பெரிய தவறு என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகிறார்கள். என்னால் அதை முழுமையாக ஏற்க முடியவில்லை. கையொப்பமிட்ட தஞ்சாவூருக்கு என்ன நடந்தது? 1799 ஒக்டோபரில் சரபோஜி கையெழுத்திட்ட ஒப்பந்தத்தோடு அவர் கையில் மிஞ்சியது கோட்டையும் அரண்மனையும் மட்டும்தான். சோழ மண்டலத்தின் வயல்களெல்லாம் கம்பனிக்குப் போயின. ஒப்பமிட்டவர்களும் இழந்தார்கள், ஒப்பமிடாதவர்களும் இழந்தார்கள்.

அது இந்துமாகடலின் கரையெங்கும் காகிதங்கள் பறந்த காலம். 1798 ஒக்டோபரில் அரபுக் கரையில் மஸ்கத் சுல்தானுடன் கம்பனி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. போர் நீடிக்கும் வரை பிரெஞ்சுக்காரருக்கும் ஒல்லாந்தருக்கும் அவரது நாட்டில் இடம் கிடையாது என்பது அதன் சாரம். 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தார். எங்கெங்கும் ஒரே வழிதான்: பிரெஞ்சுப் பூச்சியைக் காட்டி நட்பு கேட்பது, நட்புக்குப் பின்னால் படையை அனுப்புவது, படைக்குச் செலவு என்று நிலத்தை எடுத்துக்கொள்வது. மஸ்கத்துக்கு ஒரு அனுகூலம் இருந்தது. அந்தச் சுல்தானிடம் சொந்தக் கப்பல்களும் சொந்தத் துறைமுகமும் இருந்தன. கண்டியிடம் காடு மட்டுமே இருந்தது.

அதே 1798இல் தேசாதிபதியாக வந்த பிரெடெரிக் நோர்த் கண்டியையும் இந்த வழிக்குக் கொண்டுவர முயன்றார். ராஜாதி ராஜசிங்கன் அவ்வாண்டு பிள்ளையில்லாமல் இறந்திருந்தான். மகா அதிகாரம் என்ற முதலமைச்சர் பதவியிலிருந்த பிலிமத்தலாவை, கண்ணுசாமி என்ற 18 வயது இளைஞனை ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனாக முடிசூட்டிவிட்டு, பின்வாசல் வழியாக நோர்த்துடன் பேசத் தொடங்கினார். அவர்கள் அவிசாவளையில் சந்தித்தார்கள். இளைஞனை விலக்கித் தானே ஆளலாம் என்பது அவரது கணக்கு. கண்டியில் ஆங்கிலப் படை ஒன்றை நிரந்தரமாக நிறுத்திவிடலாம் என்பது நோர்த்தின் கணக்கு.

1800இல் ஜெனரல் மெக்டோவல் தூதராகப் புறப்பட்டார். தூது என்ற பெயரில் ஆயிரத்துக்கும் அதிகமான படையினர் பீரங்கிகளோடு நடந்தார்கள். அரசனுக்குப் பரிசாக ஆறு குதிரை பூட்டிய கோச்சு வண்டியும் போனது. சக்கரம் உருளும் பாதையே இல்லாத மலைக்கு ஆறு குதிரை வண்டி! வண்டி போவதற்காகவே வழி நெடுகிலும் மரங்களை வெட்டிப் பாதையை அகலமாக்க வேண்டியிருந்தது. கண்டியின் அரசவையினருக்கு அந்தப் பரிசின் பொருள் விளங்காமல் இருந்திருக்காது; வண்டி வந்த வழியில் நாளை பீரங்கி வரும். படையின் பெரும்பகுதி ருவன்வெல்லையிலேயே நிறுத்தப்பட்டது. தூதர் சிறு காவலோடு கண்டிக்குப் போய், பேசி, ஒன்றும் பெறாமல் திரும்பினார். படை நிறுத்தும் யோசனையை 20 வயதுகூட நிரம்பாத அரசன் ஏற்கவில்லை. பிலிமத்தலாவையின் பொம்மை என்று நோர்த் நினைத்த இளைஞன் அன்று தன் இராச்சியத்தைக் காத்தான். அதற்காக அவனுக்கு உரிய மதிப்பை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

1803 போரை விரைவாகவே சொல்லிவிடுகிறேன். புத்தளத்து வணிகர்களின் பாக்குப் பொதிகளைக் கண்டியர் பறித்ததைக் காரணம் காட்டி ஆங்கிலேயர் படையெடுத்தார்கள். பெப்ரவரியில் ஆளில்லாத கண்டிக்குள் நுழைந்தார்கள். அரசன் ஹங்குராங்கெத்தவுக்குப் போயிருந்தான். அங்கும் படை அனுப்பிப் பார்த்து வெறுங்கையோடு திரும்பினார்கள். மார்ச்சில் முத்துசாமி என்ற நாயக்க இளவரசனை அரியணையில் அமர்த்தி, அவனிடம் ஏழு கோறளையையும் பாதைகளையும் எழுதி வாங்கினார்கள். குடிகள் ஒருவரும் முன்வராத ஒரு அரசனுடன் செய்த ஒப்பந்தம் அது. ஜூன் மாதம் மேஜர் டேவியின் காவற்படை காய்ச்சலில் பாதி அழிந்திருந்த நிலையில் கண்டியர் சூழ்ந்தார்கள். சரணடைந்து வெளியேறிய படை மகாவலிக் கரையில், வட்டாபுலுவவில், ஆற்றைக் கடக்க முடியாமல் நின்றது. கண்டியர் முத்துசாமியைக் கேட்டார்கள்; ஆங்கிலேயர் கொடுத்தார்கள்; அவன் கொல்லப்பட்டான். பின்னர் படையினரும் கொல்லப்பட்டார்கள். உடன்படிக்கை எழுதிக்கொடுத்த தம் கூட்டாளியை ஆங்கிலேயர் கைமாற்றிவிட்டுத் தப்பப் பார்த்தார்கள் என்பதும், சரணடைந்தவர்களைக் கண்டியர் வெட்டினார்கள் என்பதும் இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு ஆங்கிலேயர் முறையை மாற்றினார்கள். ஜோன் டொயிலி என்ற அதிகாரி மாத்தறையில் கரதொட்ட தம்மாராம தேரரிடம் சிங்களம் கற்றுத் தேர்ந்தார். வணிகர், பிக்குகள், கிராமத்தார் எனக் கண்டிக்குள் போய் வருவோர் எல்லோரிடமும் செய்தி சேகரித்து நாட்குறிப்பில் எழுதினார். எந்தத் திசாவைக்கு அரசன் மீது மனக்கசப்பு, எந்தக் கோறளையில் அரிசி இல்லை என்பதெல்லாம் அதில் இருக்கும். வெள்ளித் தட்டும் முழங்காலிடலும் இல்லாத இராஜதந்திரம் அது. அரசனோடு பேசுவதை விட்டுவிட்டு அரசனைச் சுற்றியிருந்தவர்களோடு பேசினார் டொயிலி.

மலைக்குள் நிலைமையும் அதற்கு இடம் கொடுத்தது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பிரதானிகளின் சுரண்டலை அடக்க முயன்றதால் பகை வளர்ந்தது; பகை வளர வளர அவனது தண்டனைகள் கொடூரமாயின. 1814இல் மகா அதிகாரம் எகலப்பொல சப்ரகமுவவில் கிளர்ந்து தோற்று ஆங்கிலேயரிடம் ஓட, கண்டியில் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலைக்கு எந்த நியாயமும் இல்லை. தேசாதிபதி பிரவுன்றிக் 1815 ஜனவரி 10ஆம் திகதி போர் அறிவித்தார். பெப்ரவரி 14இல் கண்டி வீழ்ந்தது. 18ஆம் திகதி மெதமஹநுவரப் பக்கம் ஒளிந்திருந்த அரசனை எகலப்பொலவின் ஆட்களே பிடித்துக் கட்டினார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் அவனைக் கப்பலேற்றிச் சென்னைக்கும் அங்கிருந்து வேலூர்க் கோட்டைக்கும் கொண்டுபோனார்கள். 1832 ஜனவரி 30ஆம் திகதி அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் இருக்கும் முத்துமண்டபம் அவனுடைய சமாதி.

இனி அந்த மார்ச் 2ஆம் திகதிக்கு வருவோம். மகுல் மடுவவின் செதுக்கிய மரத்தூண்களுக்கிடையில் பிரவுன்றிக் அமர்ந்திருந்தார். பிரதானிகள் நின்றார்கள். உடன்படிக்கை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வாசிக்கப்பட்டது. ஒரு தரப்பு பிரித்தானிய முடி; மறு தரப்பு அரசனல்ல, அரசனை விலக்கிய பிரதானிகள். எகலப்பொல, மொல்லிகொட, இளைய பிலிமத்தலாவை, ரத்வத்தை முதலானோர் ஒப்பமிட்டார்கள். சில கையொப்பங்கள் அந்த மாதத்தில் சற்றுப் பிந்தியே விழுந்தன. அந்த ஒப்பங்களில் சிலவற்றில் தமிழ் எழுத்துகள் இருக்கின்றன. கண்டி அரசவையில் தமிழ் எவ்வளவு இயல்பாகப் புழங்கியது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதே தாளின் மூன்றாவது சரத்து சொல்வது இது: விலக்கப்பட்ட அரசனின் உறவினர் என்றிருக்கும் அல்லது சொல்லிக்கொள்ளும் ஆண்கள் அனைவரும் கண்டி மாகாணங்களின் அரசுக்குப் பகைவர்கள். பிரித்தானிய அரசின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் எந்தக் காரணத்தைக் கொண்டும் அவர்கள் உள்ளே வரக்கூடாது. மீறினால் இராணுவச் சட்டம் பாயும். அத்தோடு நிற்கவில்லை. இப்போது வெளியேற்றப்பட்ட 'மலபார்' சாதி ஆண்கள் அனைவரும் அதே தண்டனைக்கு அஞ்சித் திரும்பி வராதிருக்க வேண்டும். முன்சொன்ன அனுமதி பெற்றால் அன்றி. ஆங்கிலேயர் அந்நாளில் தமிழரை எழுதிய பெயர் மலபார்.

நேர்மையாகப் படித்தால் இது எல்லாத் தமிழர் மேலும் விழுந்த தடை அல்ல. கண்டியில் குடியிருந்த நாயக்கர் கூட்டத்தையும் அவர்களைச் சார்ந்தோரையும் குறிவைத்து எழுதியது. இன்னொரு வாரிசு தென்னிந்தியாவிலிருந்து வந்துவிடக் கூடாது என்ற அச்சம் அதில் தெரிகிறது. அந்த அச்சம் வெறும் கற்பனையும் அல்ல. இரண்டே ஆண்டில் ஊவாவில் கிளர்ச்சி வெடித்தபோது முன்னே நிறுத்தப்பட்டவன் தன்னை நாயக்க இளவரசன் துரைசாமி என்றே சொல்லிக்கொண்டான். குடிகள் திரண்டது அந்தப் பெயருக்குப் பின்னால்தான். அரசர்களை அந்நியர் என்று பிரதானிகள் தள்ளிவிட்டாலும் கிராமத்தார் அப்படித் தள்ளவில்லை.

ஆனால் என் மனத்தில் பதிந்து நிற்பது தடை அல்ல, அதன் கடைசியில் வரும் அனுமதி. இரத்த உறவு, குடியிருப்பு, எத்தனை தலைமுறை வாழ்ந்தார்கள் என்பது எதுவும் கணக்கில்லை. ஒரு மனிதன் இந்த மலையில் இருக்கலாமா என்பதை அரசாங்கத்தின் எழுத்து மட்டுமே சொல்லும் என்று அந்தச் சரத்து வைத்துவிட்டது. நொக்ஸ் பார்த்த களிமண் முத்திரை வழிப்போக்கனுக்குக் கொடுத்தது. இது குடியிருந்தவனிடமே கேட்கப்பட்டது. இதே அதிகாரம்தான் பின்னர் நம் பாட்டன்மாரின் கழுத்தில் தகரச் சீட்டைத் தொங்கவிட்டு உள்ளே அழைத்தது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமாக வந்து நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமாக வந்து 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே, மீதியைப் பிறகு பார்க்கலாம் என்று பங்கு போட்டது. ஒப்பமிட்டவர்கள் மாறினார்கள். யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்களை ஒரு தடவையும் அழைத்துக் கேட்கவில்லை.

மலைநாட்டுச் சிங்களக் குடியானவனையும் 1815இல் யாரும் கேட்கவில்லை. பதினொராவது சரத்து அரசனுக்குச் சேர வேண்டிய வரிகளையும் வருமானத்தையும் பிரித்தானிய முடிக்கு மாற்றிக் கொடுத்தது. பிரதானிகளுக்கு வாக்களித்த உரிமைகளும் நிலைக்கவில்லை. 1817–18 கிளர்ச்சியை ஊர்களையும் வயல்களையும் எரித்து அடக்கினார்கள். ஹங்குராங்கெத்த அரண்மனையும் அழிந்தது. 1818 நவம்பர் 21ஆம் திகதிப் பிரகடனம் பிரதானிகளின் அதிகாரத்தை வெட்டிக் குறைத்து ஆங்கில அதிகாரிகளிடம் கொடுத்தது. ஐந்து நாள் கழித்துக் கிளர்ச்சித் தலைவர் கெப்பெட்டிபொலவின் தலையைக் கொய்தார்கள். இராச்சியத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்த எகலப்பொல, அரச பதவி எதுவும் கிட்டாமல் மொரீசியசுக்கு நாடுகடத்தப்பட்டு 1829இல் அங்கேயே இறந்தார்.

கிளர்ச்சி ஓய்ந்த மறு ஆண்டு, 1819இல், இராணுவ மருத்துவர் ஜோன் டேவி காட்டு வழியே ஏறி நுவரெலியாச் சமவெளியைக் கண்டார். குளிரும் புல்வெளியும் நிறைந்த ஆளில்லா இடம் என்று எழுதினார். அடுத்து வந்த தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பிலிருந்து கண்டிக்குப் பாதை வெட்டினார். கடுகண்ணாவையில் பாறையைத் துளைத்துப் போன பாதை அது. குடிகள் ஏற்ற எந்த அரசனும் எந்த ஒப்பந்தத்திலும் விட்டுக்கொடுக்காதிருந்தது அதுதான். பார்ன்ஸ் நுவரெலியாவில் தனக்கு ஒரு மாளிகையும் கட்டிக்கொண்டார். பேராதனைக்கு அருகே கன்னொருவையில் சொந்தமாகக் கோப்பித் தோட்டமும் போட்டார்.

1824 அளவில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்டார். கண்டிக் கிராமத்தார் கூலிக்கு வரவில்லை. தங்கள் வயலும் சேனையும் இருக்கும்போது துரையின் தோட்டத்தில் ஏன் குனிய வேண்டும்? ஆள் வேண்டுமென்று தென்னிந்தியாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். தமிழ் ஆண்கள் திரும்பி வந்தால் இராணுவச் சட்டம் என்று எழுதிப் பத்து ஆண்டு நிறைவதற்குள் அதே கண்டி மாகாணத்துக்குள் தமிழ் ஆண்கள் கூலிகளாக அழைத்துவரப்பட்டார்கள். அரியணைக்கு உரிமை கேட்கும் தமிழன் வேண்டாம், மண்வெட்டி பிடிக்கும் தமிழன் வேண்டும். இவ்வளவு வெளிப்படையாக எந்த ஆவணமும் சொல்லவில்லை; நடந்தது இதுதான்.

கிராமத்தாரின் சேனை நிலம் நெடுநாள் தங்கவில்லை. 1840இன் 12ஆம் இலக்கச் சட்டம் காடு, தரிசு, பயிரிடாத நிலம் யாவும் முடிக்குரியவை என்றது. கண்டி மாகாணங்களில் சேனை நிலமும் அப்படியே. அரசன் கொடுத்த சன்னஸ் என்ற பட்டயம் அல்லது வரி கட்டிய சான்று காட்டினால் மட்டும் விலக்கு. தலைமுறை தலைமுறையாகக் காட்டை எரித்துக் குரக்கன் விதைத்தவனிடம் ஏது சன்னஸ்? ஏக்கர் ஐந்து ஷில்லிங் விலைக்கு அந்த நிலங்களை வாங்கியவர்களில் அரசாங்கத்தின் உயர் அதிகாரிகளே முன்னின்றார்கள். அந்த விற்பனையில் யார் எவ்வளவு எடுத்தார்கள், மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்துவந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அடுத்த அத்தியாயத்தில் எழுதுகிறேன்.